பழைய ரிதம் பேடைப் பழுது பார்ப்பது எப்படி: வடசென்னை வாசிப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால் வடசென்னையில் ரிதம் பேட், அதாவது தட்டினால் தாள ஒலி எழுப்பும் மின்னணுக் கருவி, வாசிப்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் திருவிழா, அடுத்து விநாயகர் சதுர்த்தி, டிசம்பர் வந்தால் ராயபுரம், பெரம்பூர் பக்கம் கேரல் ரவுண்ட்ஸ். நடுநடுவே கல்யாண வரவேற்பு, கானா கச்சேரி. இத்தனை மேடைகளையும் இன்றுவரை தாங்கிக்கொண்டிருப்பது பழைய கருவிகள்தான். 1998-இல் வந்த ரோலண்ட் எஸ்பிடி-20-ஐ இன்னமும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். சிலர் கையில் அதற்கும் மூத்த எஸ்பிடி-11, எஸ்பிடி-8 இருக்கின்றன.

புதுசு வாங்கப் பணமில்லை என்பது மட்டும் காரணமல்ல. எஸ்பிடி-20-க்குள் இருக்கும் 700 ஒலிகளில் எது எங்கே இருக்கிறது, எந்தப் பாட்டுக்கு எந்த பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) என்பது வாசிப்பவரின் விரலுக்கே தெரியும். அந்தக் கருவி போனால் கூடவே பல வருஷப் பழக்கமும் போகும். அதனால்தான் "செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் பிராசசரும் மெமரியும் கெடுவது அபூர்வம். கெடுவதெல்லாம் அடாப்டர், ஜாக், வயர், ஃபோம், அடியை உணரும் பியெசோ தட்டு, பட்டன். எல்லாம் சின்ன விலைப் பொருள்கள். ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால், சின்னப் பழுது பெரிய பழுதாகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்பதை மாற்றாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1985-இல் வந்த ரோலண்ட் பேட்-8, அதுதான் முதல் ஆக்டோபேட், தானாக ஒலி எழுப்பாது. அதற்கு அடுத்து வந்த பேட்-80-உம் அப்படியே. இரண்டும் மிடி கட்டளை, அதாவது இன்னொரு கருவியை ஒலிக்கச் சொல்லும் மின்னணுச் செய்தி, மட்டும் அனுப்பும். ஒலிக்கு வேறொரு சவுண்ட் மாட்யூலோ கீபோர்டோ வேண்டும். செகண்ட் ஹாண்டில் பேட்-8 வாங்கி, நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு "சத்தமே வரலை" என்று தவிப்பவர்கள் உண்டு. அங்கே பழுதே இல்லை.

எஸ்பிடி வரிசை உள்ளேயே ஒலி கொண்டது. மூன்றாவது வகை ட்ரம் மெஷின்: ரோலண்ட் டிஆர்-505, டிஆர்-707, ஆர்-8, அலெசிஸ் எச்ஆர்-16, எஸ்ஆர்-16 போன்றவை. இவற்றில் பட்டன்தான் பேட். நான்காவது, தனித்தனி பேடுகளும் ஒரு மாட்யூலும் சேர்ந்த எலக்ட்ரானிக் ட்ரம் கிட். நான் அதிகம் பேசப்போவது இரண்டாவது வகையைப் பற்றி, ஏனென்றால் நம் பக்கம் அதுதான் அதிகம். ஆனால் பழுது கண்டுபிடிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

மேஜை மேல் என்னென்ன வேண்டும்

கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர். 25 வாட் சால்டரிங் அயர்ன். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய 60/40 ஈயம், ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டிஸ்டில்ட் வாட்டர், மிருதுவான டூத் பிரஷ், நல்ல ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஹெட்ஃபோன். ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போனால் இதெல்லாம் கிடைத்துவிடும். போகும்போதே 27 மில்லிமீட்டர், 35 மில்லிமீட்டர் பியெசோ தட்டுகளையும் சிலதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் தின்னர் வேண்டாம். பலர் அழுக்கு எடுக்க அதைத்தான் எடுக்கிறார்கள். அது பேடின் ரப்பரையும் பிளாஸ்டிக் உடலையும் கரைத்துவிடும், பட்டன் எழுத்துகளையும் அழித்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு விஷயம். அடாப்டரில் ஓடும் கருவிகளுக்குள் மெயின்ஸ் மின்சாரம் வருவதில்லை. ஆனால் டிஆர்-808 போன்ற பழைய மெஷின்களில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிறது. அவற்றைத் திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஜப்பானில் விற்பனைக்கு வந்த செட் நம் ஊருக்கு வந்திருந்தால் அது 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே செருகுங்கள்.

திறப்பதற்கு முன்னால்

முதலில் வாசிப்பவரிடம் பேசுங்கள். "எப்போ ஆரம்பிச்சுது? அன்னைக்கு மழையா? ஜெனரேட்டர்ல ஓடுச்சா? பைக்ல கட்டி எடுத்துட்டு வந்தியா?" பதிலிலேயே பாதி விடை இருக்கும். மழை என்றால் ஈரம். ஜெனரேட்டர் என்றால் பவர் பகுதி. பைக் என்றால் எங்கோ ஈயம் விரிசல் விட்டிருக்கிறது.

பிறகு வெளியிலிருந்தே ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். டிஸ்ப்ளே எரிகிறதா? எரிந்தால் பவர் பெரும்பாலும் சரி. ஹெட்ஃபோனைச் செருகி எட்டு பேடையும் ஒரே வேகத்தில் தட்டுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு, அவுட்புட்டில் கேட்கவில்லை என்றால் பழுது அவுட்புட் ஜாக் பக்கம். தட்டினால் ஒலி இல்லை, ஆனால் மிடி வழியாக வெளியிலிருந்து வாசித்தால் ஒலிக்கிறது என்றால் ஒலிப்பகுதி நன்றாக இருக்கிறது, பழுது சென்சார் பக்கம். ஒரே ஒரு பேட் மட்டும் ஊமை என்றால் முதலில் அந்த பேடின் வால்யூம், சென்சிடிவிட்டி அமைப்புகளைப் பாருங்கள். வேறு பேட்சுக்கு மாறிப் பாருங்கள். அங்கே ஒலித்தால் கருவியில் கோளாறில்லை, யாரோ லெவலைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். திறக்கத் தேவையே இல்லாத பழுதுகள் நிறைய இங்கேயே தீரும்.

பவர்: நம் பக்கம் அதிகம் பலியாகும் இடம்

ரோலண்ட், பாஸ் (Boss) கருவிகளில் பெரும்பாலானவை 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் அடாப்டர்களில், செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் அடாப்டர்கள் உட்பட, நடு முனை பாசிட்டிவ். பின் அளவு ஒத்துப்போகும், செருகும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பு அடாப்டர் காணாமல் போய், பர்மா பஜாரிலோ மூர் மார்க்கெட்டிலோ அவசரமாக ஒன்று வாங்கிச் செருகியபோது போன கருவிகள் ஏராளம். வாங்கும்போது அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் சின்னப் படத்தைப் பாருங்கள். நடுப் புள்ளியோடு கோடு போட்டு இணைத்திருப்பது கூட்டல் குறியா, கழித்தல் குறியா என்று தெரியும். பிறகு மீட்டரில் அளந்தும் உறுதி செய்யுங்கள்.

அலெசிஸ் எச்ஆர்-16, எஸ்ஆர்-16 வேறு ரகம். அவை கேட்பது 9 வோல்ட் ஏசி. அதாவது அந்த அடாப்டருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான் இருக்கும். சாதாரண டிசி அடாப்டரைக் கொடுத்துவிட்டு "ஆன் ஆகலை" என்று கைவிடாதீர்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 9 வோல்ட் அடாப்டரை எதிலும் செருகாமல் அளந்தால் 12, 13 என்று காட்டும். அது இயல்பு. கருவியில் செருகி ஓடும்போது அளப்பதுதான் கணக்கு. அப்போது 7.5-க்குக் கீழே இறங்கினால், உள்ளே வோல்ட்டேஜை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டருக்குப் போதாது. கருவி ஆன் ஆகி ஆகி அணையும், அல்லது பலமாக அடிக்கும்போது ரீசெட் ஆகும்.

அடாப்டர் நன்றாக இருந்தும் உயிர் இல்லையென்றால் திறக்கலாம். முதலில் டிசி ஜாக். மூன்று கால்களும் போர்டில் சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் அதுதான் ட்ரை சால்டர், அதாவது பிடி விட்டுப்போன ஈயம். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். அடுத்து ஜாக்கை ஒட்டியிருக்கும் டயோடு. தலைகீழ் மின்சாரம் வந்தால் தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பதற்காகவே பல கருவிகளில் அது வைக்கப்பட்டிருக்கிறது. மீட்டரை டயோடு அளவையில் வைத்து இரு திசையிலும் அளங்கள். இரண்டு பக்கமும் பீப் சத்தம் வந்தால் அது போய்விட்டது. அதே ரகம் மாற்றினால் கருவி எழுந்துவிடும். ஒரு டயோடோடு போன கருவியைக் காயலான் கடைக்குப் போட்டவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிறகு 5 வோல்ட் ரெகுலேட்டர். பல கருவிகளில் இது 7805 அல்லது அதன் உறவு. உள்ளே 9, வெளியே 5. வெளியே 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருக்க வேண்டும். வெளியே ஒன்றுமே இல்லாமல் ரெகுலேட்டர் கொதித்தால், பவரை அணைத்துவிட்டு 5 வோல்ட் பாதைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளங்கள். சில ஓம்கள்தான் காட்டினால் எங்கோ ஷார்ட். பெரும்பாலும் பழைய டான்டலம் கெபாசிட்டர். 5 வோல்ட் சரியாக இருந்தும் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால், மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து அதே பாதையை அளங்கள். ஐம்பது மில்லிவோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டருக்கு முன்னிருக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது.

கடல் காற்று

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருந்து வரும் கருவிகளைத் திறந்தால் ஒரு பார்வையிலேயே தெரியும். ஸ்க்ரூ தலைகள் சிவந்திருக்கும். பியெசோவிலிருந்து வரும் வயர், ஈயத்தைத் தொடும் இடத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். வயரை லேசாக இழுத்தால் கையோடு வரும். உள்ளே செம்பு கறுத்து, நகத்தால் கீறினாலும் பளபளக்காது. வெளியே இன்சுலேஷன் புதுசு போலவே இருக்கும் என்பதால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இப்படிப்பட்ட வயரில் ஈயம் ஒட்டாது. நல்ல செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் வயரையே மாற்ற வேண்டும்.

போர்டில் படிந்த உப்பை எடுப்பதில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எண்ணெயையும் ஃப்ளக்ஸையும் கரைக்கும். உப்பைச் சரியாகக் கரைக்காது. உப்பு கரைவது தண்ணீரில்தான். ஆகவே முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் பிரஷை நனைத்து மெதுவாகத் தேய்த்துக் கழுவி, பிறகு ஆல்கஹால் ஊற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் கூடாது. அதிலேயே உப்பு இருக்கிறது. இதைச் செய்யும்போது பேட்டரியும் அடாப்டரும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். டிஸ்ப்ளே, பியெசோ, ஸ்பீக்கர் இருந்தால் அதுவும், ஈரம் படாமல் தனியாக வைக்க வேண்டும். கழுவிய பிறகு மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

மழைநீரில் நனைந்த கருவிக்கும் இதே வைத்தியம்தான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிறையும் ஒவ்வொரு மழையிலும் வண்டியோடு சேர்ந்து நனையும் பேடுகள் உண்டு. நனைந்ததை "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று ஆன் செய்துவிடாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால்தான் செம்புப் பாதைகள் அரிக்கும். அரிசி மூட்டைக்குள் வைப்பதிலும் பலன் இல்லை, உப்பும் சேறும் உள்ளேயேதான் இருக்கும்.

பென்டார்ச் செல் கசிந்து காண்டாக்டுகள் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அல்கலைன் செல் என்றால் வீட்டு வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். நுரை அடங்கிய பிறகு டிஸ்டில்ட் வாட்டர், பிறகு ஆல்கஹால். டிஆர்-707 மாதிரி மெமரிக்குப் பென்டார்ச் செல் போடும் மெஷின்களை வாங்கும்போது முதலில் திறந்து பார்க்க வேண்டியது இந்த அறையைத்தான்.

"நாலாவது பேடு மட்டும் ஊமையாயிடுச்சுணா"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

பேடின் ரப்பருக்குக் கீழே ஒரு தகடு, தகட்டின் அடியில் ஃபோம் டேப்பில் ஒட்டிய பியெசோ தட்டு. பித்தளை வட்டத்தின் மேல் வெள்ளைப் பீங்கான், அதன் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. தட்டும்போது பீங்கான் வளைந்து மின்னழுத்தம் உண்டாகும். அந்த அழுத்தத்தின் அளவைப் பார்த்துத்தான் நீங்கள் எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்று கருவி தெரிந்துகொள்கிறது. கையால் வாசிக்கும் சில கருவிகளில் பியெசோவுக்குப் பதில் கார்பன் தாள் சென்சார் இருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழுது சென்சாரிலா, போர்டிலா என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும். நான்காவது பேடின் கனெக்டரையும் ஐந்தாவது பேடின் கனெக்டரையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது ஐந்தாவது இடம் ஊமையானால் சென்சார் அல்லது அதன் வயர்தான் கெட்டது. நான்காவது இடமே தொடர்ந்து ஊமையாக இருந்தால் பழுது போர்டில். கனெக்டர் இல்லாமல் நேராக ஈயம் வைத்திருந்தால், நல்ல பியெசோ ஒன்றை இரண்டு வயரோடு தற்காலிகமாக அந்த இடத்தில் தொட்டுத் தட்டிப் பாருங்கள்.

சென்சார் பக்கம் என்று தெரிந்ததும் கெபாசிட்டன்ஸ் அளங்கள். 27 மில்லிமீட்டர் தட்டு பொதுவாக 20 நானோஃபாரட் அக்கம்பக்கம் காட்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் வயர் அறுந்திருக்கிறது. பக்கத்துப் பேடுகளை விட மிகக் குறைவாகக் காட்டினால் பீங்கானில் விரிசல். அளவு சரியாக இருந்தும் பேட் மந்தமாக இருந்தால் ஃபோமைச் சந்தேகியுங்கள். சென்னை வெப்பத்தில் ஃபோம் சில வருஷத்தில் பிசுபிசுத்து ஒரு பக்கம் கழன்றுவிடும், அடி முழுசாகப் பியெசோவுக்குப் போய்ச் சேராது.

பியெசோ மாற்றும் முறை:

1. பழைய தட்டின் படத்தை மொபைலில் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வயர் எங்கே, கறுப்பு எங்கே, தட்டு நடுவிலா ஓரத்திலா என்பதெல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும்.
2. பழைய ஃபோமைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுத்து, மிச்சப் பசையை ஆல்கஹாலால் துடையுங்கள். பசை கொஞ்சம் இருந்தாலும் புது டேப் நிற்காது.
3. அதே விட்டமுள்ள புது பியெசோ எடுங்கள். வயரோடு வரும் ரகம் வாங்கினால் பாதி வேலை மிச்சம்.
4. வயரில்லாத ரகம் என்றால், வயர் நுனியில் முதலிலேயே ஈயம் பூசிக்கொள்ளுங்கள். வெள்ளிப் பூச்சில் அயர்ன் நுனி ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதற்கு மேல் நின்றால் வெள்ளி உரிந்துவிடும், அந்தத் தட்டு அவ்வளவுதான்.
5. சிவப்பு பீங்கானுக்கு, கறுப்பு பித்தளைக்கு. மாற்றி வைத்தால் சில கருவிகளில் அடி பலவீனமாகப் பதிவாகும்.
6. பழைய ஃபோமின் அதே தடிமனில் இரட்டைப் பக்க ஃபோம் டேப் ஒட்டுங்கள். உடனே கெட்டிப்படும் பசை எதையும் பியெசோவில் தடவாதீர்கள். அது தட்டை வளைய விடாது, கொஞ்ச நாளில் பீங்கானை உடைக்கவும் செய்யும்.
7. வயரை ஈயத்துக்குப் பக்கத்திலேயே சின்னத் துண்டு டேப்பால் உடம்போடு அழுத்தி ஒட்டுங்கள். வயர் அறுவது எப்போதும் ஈயத்தை ஒட்டித்தான், ஒவ்வொரு அடியிலும் அதிர்வது அந்த இடம்தான்.

மூடுவதற்கு முன் எட்டு பேடையும் தட்டிப் பாருங்கள். புதிய பேட் மற்றவற்றைவிடத் துடிப்பாக இருக்கும். அதன் சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் இறக்கிச் சமன் செய்யுங்கள்.

போர்டில்தான் பழுது என்றால், பியெசோ வயர் நுழையும் இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு ரெசிஸ்டர், அதிக வோல்ட்டேஜ் உள்ளே போகாமல் தடுக்கும் டயோடுகள், அதன் பின் ஆம்ப் ஐசி. பலமாக அடிக்கும்போது பியெசோ பல பத்து வோல்ட்டுகள் கொடுக்கும், அதை வாங்கிக்கொள்வது அந்த டயோடுகள்தான். ஷார்ட் ஆனால் அந்த ஒரு பேட் மட்டும் ஊமையாகும். பக்கத்துப் பேடின் அதே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள்; வரைபடம் இல்லாமலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். எட்டு பேடுகள் ஒரே போல இருப்பது பழுது பார்ப்பவருக்குக் கிடைத்த வரம். நான்கோ எட்டோ சேர்ந்து போயிருந்தால் ரிப்பன் கேபிளைக் கழற்றி, காண்டாக்டைத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும்.

கார்பன் தாள் சென்சார் வேறு மாதிரி. அழுத்தாமல் மெகா ஓம் கணக்கில் காட்டும், அழுத்தினால் சில கிலோ ஓமுக்கு இறங்கும். இறங்கவில்லை என்றால் தாள்களுக்கு நடுவே அழுக்கோ, வால் பகுதியில் முறிவோ இருக்கும். அந்த வாலில் அயர்ன் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும்.

ஒரு அடிக்கு இரண்டு ஒலி, தொடாத பேடில் ஒலி

இரண்டு ஒலி வந்தால் முதலில் மெனுவில் த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு பலமான அடியிலிருந்து ஒலிக்க வேண்டும் என்ற அளவை, கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு அடிக்குப் பின் சிறிது நேரம் எதையும் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் மாஸ்க் அமைப்பு இருந்தால் அதையும் கூட்டுங்கள். ரொம்பக் கூட்டினால் ரோல் வாசிக்கும்போது அடிகள் விழுங்கப்படும். வாசித்துப் பார்த்தே வையுங்கள்.

தொடாத பேட் ஒலித்தால் ஸ்டாண்டைப் பாருங்கள். தெருமுனை மேடைகளில் பேஸ் பாக்ஸ் பக்கத்திலேயே ஸ்டாண்டைப் போடுகிறோம். பலகை அதிர்கிறது, ஸ்டாண்டு அதிர்கிறது, பேட் அதை அடி என்று எண்ணிக்கொள்கிறது. ஸ்டாண்டுக் கால்களின் கீழ் தடித்த ரப்பர் பாய் போட்டு, பாக்ஸிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலே பாதி சரியாகும். கருவியைத் திறந்து தேட வேண்டிய பழுதல்ல இது.

பட்டன், வால்யூம், ஜாக்

இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் பட்டன் வேலை செய்கிறது என்றால் அதன் அடியில் இருக்கும் சின்ன டாக்ட் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. டிஆர்-707 இதற்குப் பேர் போனது. காலளவும் உயரமும் பார்த்து வாங்கி மாற்றுங்கள். ரப்பர் பட்டன் ரகம் என்றால் போர்டை ஆல்கஹாலால் துடையுங்கள், ரப்பரின் கறுப்புக் கார்பனை உலர்ந்த பஞ்சால் மட்டும் துடையுங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால் காண்டாக்ட் க்ளீனர் கொஞ்சம் அடித்து, இருபது முப்பது முறை திருப்புங்கள்.

அவுட்புட் ஜாக்கில் கேபிளை அசைத்தால் ஒலி வந்து வந்து போகிறதா? டிசி ஜாக்கைப் போலவே ட்ரை சால்டர். கேபிளில் கால் இடறுவது நம் மேடைகளில் சகஜம். புதிதாக ஈயம் வைப்பதோடு, கேபிளை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். இழுப்பு ஜாக்குக்குப் போகாது. இரட்டை மண்டலப் பேடை (நடுவிலும் ஓரத்திலும் தனித்தனி ஒலி தரும் பேட்) வெளியிலிருந்து ட்ரிகர் இன்புட்டில் செருகும்போது ஸ்டீரியோ கேபிள் வேண்டும். மோனோ கேபிள் போட்டால் ஒரு பக்கம் ஊமையாகவே இருக்கும்.

இரைச்சல் கருவியிலிருந்தா, வெளியிலிருந்தா என்று தெரிய ஹெட்ஃபோனை மட்டும் போட்டுக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் சுத்தமாக இருந்து, மிக்சரில் செருகினால் மட்டும் இரைந்தால் பெரும்பாலும் மேடையின் எர்த்தில்தான் கோளாறு.

மெமரி பேட்டரியும் மிடியும்

கருவியை அணைத்து ஆன் செய்தால் உங்கள் பேட்சுகள் காணாமல் போய்விடுகின்றனவா? உள்ளே நாணய வடிவ லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கும். பல கருவிகளில் அது சிஆர்2032. புதிதில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். கழற்றும் நொடியில் எல்லா அமைப்பும் அழியும். அதனால் எல்லா அமைப்பையும் மொத்தமாக வெளியே அனுப்பும் மிடி பல்க் டம்ப் வசதி இருந்தால் கம்ப்யூட்டரில் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பேட்சையும் நோட்டில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அந்த எண்கள்தான் உங்கள் வாசிப்பு. நாணயப் பேட்டரியின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். ஒரு ஹோல்டரைப் போர்டில் வைத்துவிட்டால் அடுத்த முறை அயர்ன் தேவைப்படாது. மாற்றிய பின் டிஸ்ப்ளேயில் தாறுமாறான எண்கள் வந்தால் பயப்படாதீர்கள், மேனுவலில் உள்ளபடி ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

மிடி அவுட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு எல்இடி போதும். ஐந்து முள் சாக்கெட்டில் நான்காவது முள்ளுக்கு எல்இடியின் நீளக் கால், ஐந்தாவதுக்குக் குட்டைக் கால். பேடைத் தட்டினால் மின்ன வேண்டும். மின்னினால் பேட் சரி, கேபிளையும் மறுமுனைக் கருவியையும் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது

5 வோல்ட் சரி, ரீசெட் ஆகிவிட்டது, ரிப்பன் கேபிள் சரி, ஆனாலும் டிஸ்ப்ளேயில் எழுத்தே வரவில்லை என்றால் பிராசசர் பக்கம் பழுது. குறிப்பிட்ட சில ஒலிகள் மட்டும் எப்போதும் சிதைந்து கேட்டால், ஒலிகள் பதிந்திருக்கும் ரோம் ஐசியில் பழுது. ஐசி சாக்கெட்டில் இருந்தால் ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகிப் பாருங்கள். நேராக ஈயம் வைத்திருந்தால் அதைத் தொட வேண்டாம். அந்த ஐசிகள் கடையில் கிடைக்காது, அதே மாடலின் உடைந்த செட் ஒன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். உடைந்த செட்டை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கி வையுங்கள். ரப்பர், நாப், ஜாக், டிஸ்ப்ளே எல்லாமே ஒருநாள் தேவைப்படும்.

பழுது பார்த்த பிறகு

பரணில் போடாதீர்கள். மே மாத வெயிலில் பரணின் வெப்பம் ஃபோமையும் கெபாசிட்டரையும் சேர்த்தே கொல்லும். கடலோர மேடையில் வாசித்துவிட்டு வந்த இரவே, லேசாக ஈரமாக்கிய துணியால் உடலையும் ஜாக் ஓரங்களையும் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை இரண்டு போட்டு, அது நிறம் மாறினால் மாற்றுங்கள். வேலையில்லாத மாதங்களில் பென்டார்ச் செல்லைக் கழற்றி வைத்துவிட்டு (மெமரிக்குச் செல் போடும் மெஷின் என்றால் அமைப்புகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு), மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

அடாப்டர் மேல் வெள்ளை டேப் ஒட்டி, எந்தக் கருவிக்கானது, எத்தனை வோல்ட், நடு முனை எது என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். அதே ரகத்தில் இன்னொரு அடாப்டரை வாங்கி, அளந்து பார்த்து, அதையும் எழுதி பேட் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.